மழை நாளில் மட்டும் சாகும் கோழி

அன்று காலை ஷெட்டில் முதலாளி இருந்தார். ஃபிட்டர் ராவுத்தர் இருந்தார். உலைக்குக் கரி போடும் சீனி இருந்தான். நான் இருந்தேன். யாரைப் பற்றிப் பேசக் கூடியிருந்தோமோ அந்த ஒச்சப்பன் அண்ணன் மட்டும் இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, தெற்குவாசலில் தன் வீட்டில் படுத்திருந்தார்.

புதிதாக லைசென்ஸ் வாங்கி, இந்த மாதம் எங்களிடம் வண்டி ஏற வந்திருக்கும் தம்பிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இப்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஷெட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். எனக்கு வயதொன்றும் ஆகிவிடவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எட்டாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் மேற்பார்வைக்கு இழுத்துவிட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது எட்டாம் வகுப்பில் படித்ததை அல்ல. எழுமலை ரோட்டில் படித்ததை.

உலகச் சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். பெட்ரோல் என்னவோ இன்னும் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. ஆகவே நீங்களும் கரி கேஸ் லாரியில்தான் ஏறப்போகிறீர்கள். டிரைவர் உட்காரும் கூண்டுக்குப் பின்னால் ஓர் ஆள் உயர உலை. அதில் மரக்கரி வெந்து வரும் கேஸ் குழாய் வழியே இன்ஜினுக்குப் போகும். வழுக்கையான டயர், அளவுக்கு மேல் பாரம், இறக்கத்தில் நியூட்ரலில் விடும் கெட்ட பழக்கம் என்று உங்களுக்கு ஆபத்துகள் பல உண்டு. அவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது மதுரையில் நான் ஏறிப் பார்த்த கரி வண்டிகள் எல்லாவற்றிலும் ஓர் ஏற்பாடு இருந்தது. கூண்டின் பின்பலகையில், உலைக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. கம்பெனிக்காரன் வைத்ததல்ல, நாங்களே உளி வைத்துக் குடைந்தது. கீழே இறங்காமலே உலையில் தணல் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். ஒரு குச்சியை உலையின் காற்று வாய்க்கு நீட்டிப் பீடி பற்ற வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பேரே பீடி ஜன்னல்தான். மழைக்காலத்தில் கதவில்லாத இருபக்கமும் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டால், அந்த ஓட்டை வழியே வரும் சூடு முதுகுக்கு அம்புட்டு இதமாக இருக்கும். புது வண்டி வந்தால் பூசை போடுகிறோமோ இல்லையோ, முதல் வேலையாக ஜன்னல் வெட்டிவிடுவோம். எங்கள் ஷெட்டில் அதை அழகாக, சதுரமாக வெட்டுவதில் பேர் போனவர் ஒச்சப்பன் அண்ணன்தான்.

உசிலம்பட்டி வழியாகப் போன ரயில் பாதையைச் சண்டைக்காகப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டதால், அந்தப் பக்கத்துப் பருத்தி முழுக்க எங்கள் தலையில்தான் விடிந்தது. ஐப்பசி அடைமழை. எழுமலையில் பொதி ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்த அண்ணன், செக்கானூரணிக்கு இந்தப் பக்கம், பட்டப்பகலில், வளைவே இல்லாத நேர் ரோட்டில், எதிரே வண்டி மாடு எதுவும் இல்லாதபோது, லாரியைத் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டார். ஒரு பனைமரம்தான் குறுக்கே நின்று நிறுத்தியது.

"ஒண்ணு குடிச்சிருக்கணும். இல்ல தூங்கியிருக்கணும்" என்றார் முதலாளி. "எதுன்னு அதிகாரி விசாரிச்சுக்கிடட்டும். லைசென்ஸைப் பிடுங்கச் சொல்லி மனு எழுதியாச்சு. இன்னைக்கே அனுப்பப்போறேன்."

லைசென்ஸ் போவதென்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் பிறர் காட்டில் கூலிக்கு நின்ற குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காட்டு வரப்பில் நின்று லாரியை வேடிக்கை பார்த்தவர், அதே லாரியை அதே ரோட்டில் ஓட்டிக் காட்டினார். குடிகாரன் என்று எழுதி லைசென்ஸைப் பறித்தால் அப்புறம் எந்த ஷெட்டிலும் சேர்க்க மாட்டார்கள். கூலிக்கு மறுபடி அந்தக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

முதலாளி சீனியைப் பார்த்துக் கேட்டார். "நீதானடா பக்கத்துல இருந்தவன். சொல்லு, அவன் தூங்குனானா இல்லையா?"

சீனி தலையைச் சொறிந்தான். "அது எனக்கு எப்படித் தெரியும் மொதலாளி? நானே தூங்கிட்டேன்."

"கேட்டுக்கிட்டீகளா? ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரும்!" முதலாளி தொடையில் அடித்துக்கொண்டார். "வீட்டுக்குன்னு ஒரு கோழி கொண்டாரச் சொன்னேன். சீட்டுக்கு அடியில செத்துக் கெடக்கு. கோழியைக்கூட உசுரோட கொண்டாரத் துப்பில்ல. என் லாரியை எப்படிடா கொண்டுவருவீங்க?"

"கோழி மேல ஒரு கீறல்கூட இல்லையே மொதலாளி" என்றான் சீனி. "அதுவுமா தண்ணி போட்டுச்சு?"

ராவுத்தர் சிரிப்பை அடக்கப் பீடியைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் மாலை நான் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் தூங்கல மாப்ள. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. வண்டி எறங்குறதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பிரேக்கை அமுத்துன்னு சொன்னா, கால் நான் சொன்ன பேச்சைக் கேக்கல."

தூங்கினவன் வண்டி இறங்குவதைப் பார்க்க முடியாது. குடித்தவன் அதை இப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் இதை ஷெட்டில் யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை. அதனால் நான் கோழியைப் பிடித்துக்கொண்டேன்.

"மொதலாளி, எழுமலைச் சந்தையில இருந்து உங்க வீட்டுக்கு வருசம் பூரா கோழி வருது. வெயில் காலத்துல வந்தது ஒண்ணாவது செத்து வந்திருக்கா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"போன அடைமழையில?"

"ரெண்டு செத்துச்சு. ஈரம், குளிரு. அதுல செத்திருக்கும்."

"குளிர்னா பாரத்துக்கு மேல போட்டு வந்ததுதான் முதல்ல சாகணும். செத்தது எல்லாம் கூண்டுக்குள்ள, சீட்டுக்கு அடியில, சூட்டுல இருந்ததுங்க."

கரி சரியாக எரியாமல் வரும் கேஸ் ஆளைக் கொல்லும் என்று எட்டாம் வகுப்பில் வாத்தியார் ஒரு வரி சொன்னது எனக்கு மங்கலாக நினைவிருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முதலாளியிடம் வழக்காட முடியாது என்பதும் தெரிந்தே இருந்தது. எனவே படிப்பைப் பேசாமல் பந்தயம் பேசினேன். "நாளைக்கு நான் எழுமலை போறேன். நீங்களும் கூட வாங்க. ரெண்டு கோழி வாங்குவோம். ஒண்ணு சீட்டுக்கு அடியில, ஒண்ணு பொதி மேல. எது சாகுதுன்னு நீங்களே பாருங்க. அதுவரைக்கும் மனு உங்க பையிலயே இருக்கட்டும்."

"ரெண்டும் உசுரோட வந்துச்சுன்னா?"

"ஒச்சப்பன் அண்ணனோட சேத்து என் பேரையும் எழுதி அனுப்புங்க."

"எழுதிருவேன் தங்கராசு. வெளையாட்டுன்னு நெனைக்காத" என்றார்.

தம்பிகளே, நான் வீரம் பேசினதாக எண்ண வேண்டாம். வீட்டுக்குப் போனபின் வாசலில் நின்று வானத்தையே பார்த்தேன். நாளைக்கு மழையே வராமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயம்.

மழை வந்தது. எழுமலையில் பொதி ஏற்றும்போதே பிடித்துக்கொண்டது. சந்தையில் ஒரே அடைகாப்பில் பொரித்த இரண்டு விடைக்கோழிகள் வாங்கினோம். ஒன்று காலைக் கட்டி சீட்டுக்கு அடியில். இன்னொன்று கூடைக்குள், பொதியின் மேல், தார்ப்பாய்க்குக் கீழே. அதற்குத் துணையாகச் சீனியும் மேலேயே ஏறிக்கொண்டான். கூண்டுக்குள் முதலாளியும் நானும் மட்டும்.

உசிலம்பட்டி தாண்டியதும் முதலாளி தன் பக்கத்துப் படுதாவை இழுத்துக் கட்டினார். என் பக்கத்தையும் கட்டச் சொன்னார். கையளவு திறப்பை விட்டுவைத்தேன். சாரல் நேரே அவர் மேல் அடித்தது.

"ஏண்டா, வேட்டியெல்லாம் நனையுது. இறக்கி விடு."

"கை காட்டணும் மொதலாளி."

"காக்கா குருவி இல்லாத ரோட்டுல யாருக்குடா கை காட்டப்போற?"

நான் திறப்பை மூடவில்லை. அவர் பீடி ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பிச் சாய்ந்துகொண்டார். "ஆனா ஒண்ணு. இந்தச் சூடு சொகமாத்தான் இருக்கு. இதுக்காகவே வண்டி ஓட்டலாம் போல" என்றார். சேறு, வண்டி நடையாகத்தான் போயிற்று. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வேகமாக ஓடும்போது உலையின் கேஸை இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். மெதுவாகப் போனாலும், நின்று நின்று போனாலும் அது உலை மூடியின் இடுக்கு வழியே கசிந்து, பீடி ஜன்னல் வழியாகக் கூண்டுக்குள் வரத் தொடங்கும். மழை நாளில் மெதுவாகத்தான் போவோம். மழை நாளில்தான் படுதாவையும் மூடுவோம்.

முதலாளி பேச்சைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். எனக்கு நெற்றியை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்குகிற மாதிரி ஒரு வலி. தூக்கமில்லை, மழையில் இப்படித்தான் இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் நாங்கள் சொல்லிக்கொள்கிற அதே வலி. இதற்கு வெற்றிலையும் புகையிலையும் போட்டுக்கொண்டு ஓட்டியே பழகியிருந்தோம்.

செக்கானூரணிக்கு முன்னால் ரோடு ஓர் ஓடைக்குள் இறங்கி ஏறும். பாலம் கிடையாது, தாம்போதிதான். கல் பாவின தரை மேல் தண்ணீர் ஓடும், அதற்குள்ளே இறங்கி அந்தப் பக்கம் ஏற வேண்டும். தூரத்தில் பார்த்தேன். கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் நிறம் மாறிச் செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. மேற்கே பெய்த மழை வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதலாளி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தாண்டிரு. வெள்ளம் வாரதுக்குள்ள தாண்டிரு. நின்னா இன்னைக்கு மில்லுக்குப் போய்ச் சேராது."

எந்த டிரைவரும் அதைத்தான் சொல்வான். ஏற்றத்துக்கு முன்னால் கரி வண்டியை நிறுத்தினால் கேஸ் இறங்கிவிடும். மறுபடி உலையை ஊதி ஏற்றுவதற்குள் வெள்ளம் வந்துவிடும். தாண்டுவதுதான் முறை. கியரை மாற்றக் குனிந்தபோது கோழி கண்ணில் பட்டது. கழுத்தை நீட்டிப் போட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கொண்டை ரத்தச் சிவப்பாக இருந்தது. உடனே என் காலைப் பார்த்தேன். வலது காலைத் தூக்கிப் பிரேக் மேல் வை என்று நினைத்தேன். வைத்தது. ஆனால் நினைத்ததற்கும் வைத்ததற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் ஒச்சப்பன் அண்ணன் பனைமரத்தில் மோதினார்.

தாம்போதியின் நடுவில் இந்தக் கால் என் பேச்சைக் கேட்காமல் போனால்? பனைமரம் நிறுத்தும்; வெள்ளம் நிறுத்தாது.

கரையிலேயே நிறுத்தினேன். கை பிரேக்கைப் போட்டேன்.

"ஏண்டா நிறுத்துன?" முதலாளியின் குரல் குழறியது. "ஓட்டுடா. என் வண்டி. நான் சொல்றேன், ஓட்டு!"

"வண்டி உங்களது மொதலாளி. பிரேக் என் காலுக்குக் கீழ இருக்கு. எறங்குங்க."

இன்ஜினை அமர்த்திவிட்டு இறங்கினேன். சுற்றிப்போய் அவர் பக்கத்துப் படுதாவை அவிழ்த்தேன். இரண்டு அறை விட்டாலும் விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு காலைத் தரையில் வைத்தார். கால் மடங்கியது. அப்படியே என் மேல் சரிந்தார். பொதியிலிருந்து சீனி குதித்து ஓடிவந்தான். ஆளுக்கொரு கைத்தாங்கலாகப் பிடித்து, காற்று வருகிற பக்கமாக ஒரு மைல்கல்லில் உட்கார வைத்தோம். சேற்றில் குனிந்து வாந்தி எடுத்தார். அப்புறம் தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து, யாருடைய பொருளோ போல் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு காலுடா?" என்றார். "நான் நடன்னா நடக்க மாட்டேங்குது."

ஒச்சப்பன் அண்ணன் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. இப்போது சொன்னேன். மழையில் நனைந்துகொண்டே கேட்டார்.

சீனி சீட்டுக்கு அடியிலிருந்த கோழியை எடுத்து வந்து மழையில் போட்டான். பொதி மேலிருந்த கூடையையும் இறக்கித் திறந்தான். அது நனைந்த துணி மாதிரி வெளியே வந்து, உதறிக்கொண்டு, சேற்றில் பூச்சி தேடப் போய்விட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மற்றதும் ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்தது. இரண்டு எட்டு வைத்துச் சாய்ந்தது. மறுபடி எழுந்தது.

"மொதலாளி, நல்லாப் பாத்துக்கங்க" என்றான் சீனி. "இந்தக் கோழி குடிச்சிருக்கு. மனு எழுதிருவோமா?"

அவன் மேல் கல்லெறிவார் என்று நினைத்தேன். முதலாளி சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இருமினார். அந்த நேரம் மேற்கே மாட்டு மந்தை ஓடிவருவது மாதிரி ஒரு சத்தம். மூவரும் திரும்பினோம். பனை மட்டை, முள், வேரோடு ஒரு கருவேலமரம் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு ஓடை வந்தது. நாங்கள் இறங்கியிருக்க வேண்டிய தாம்போதி இருந்த இடம் தெரியவில்லை. இடுப்பளவுக்கு மேல் செம்மண் தண்ணீர் சுழன்று ஓடிற்று.

முதலாளியின் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு சீனியிடம் கையை நீட்டி, "கத்தி இருக்கா?" என்றார். தள்ளாடி எழுந்து போய், இரண்டு பக்கத்துப் படுதாவையும் தன் கையாலேயே அறுத்து எடுத்து ஓடையில் வீசினார். நல்ல கெட்டித் துணி. எனக்கு மனசு கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் உலையை ஊதிக் கிளப்பினோம். கூண்டுக்குள் இரண்டு பக்கமும் மழை. முதலாளிக்குப் பல் தந்தியடித்தது. எனக்குத் தலைவலி போகவில்லை. ஆனால் கால் என் கால்தான் என்று அடிக்கடி அமுக்கிப் பார்த்துக்கொண்டேன். சீனி பொதி மேலிருந்து தொண்டை கிழியத் தெம்மாங்கு பாடினான். நாகமலையை ஒட்டி வரும்போது எனக்கும் பாட வேண்டும் போல் இருந்தது. முதலாளி இருக்கிறாரே என்று பார்த்தேன். அவரே ஆரம்பித்துவிட்டார்.

மில்லில் பொதி இறக்கினதும் ஷெட்டுக்குப் போகச் சொல்லவில்லை. "தெற்குவாசலுக்கு விடு" என்றார்.

ஒச்சப்பன் அண்ணன் வீட்டில் விளக்கு வைக்கிற நேரம். லாரிச் சத்தம் கேட்டு அவர் சம்சாரம் வெளியே வந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற முதலாளியைப் பார்த்தது. "வாங்க மொதலாளி. குடிகாரன் வீட்டுக்கு மழைன்னும் பாக்காம வந்திருக்கீக" என்றது.

அவர் தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டினார். பையிலிருந்து மனுவை எடுத்தார். அது ஏற்கெனவே ஊறிக் கூழாகியிருந்தது. அண்ணன் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "ஒச்சப்பா, எனக்கும் கால் வரல" என்றார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்தார். கட்டுப் போடாத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியே கேஸ் வந்த கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா உள்ளே போய், இருவருக்கும் சுக்குத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தது.

"எலும்பு கூடினதும் வண்டி ஏறு. அதுவரைக்கும் சம்பளம் வீட்டுக்கு வரும்" என்றார் முதலாளி.

"வாரேன் மொதலாளி. ஆனா முதல்ல அந்த ஜன்னலை அடைக்கணும்" என்றார் அண்ணன். "அம்புட்டையும் வெட்டினவன் நான். அடைக்கும்போது நானும் இருக்கணும்."

மறுநாள் அவரை நாற்காலி போட்டு ஷெட்டில் உட்கார வைத்தோம். ராவுத்தர் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி ஒவ்வொரு பீடி ஜன்னலையும் அடைத்து ஆணி அறைந்தார். "இன்ஷா அல்லா, இனிமே பீடி வேணும்னா கீழ எறங்கிப் பத்த வைங்கப்பா" என்றார். உலை மூடிகளில் கேஸ் கசியாதிருக்க, சூடு தாங்கும் புதுக் கல்நார்க் கயிறு சுற்றினார். படுதா வைத்தாலும் பாதிக்கு மேல் இறங்காதபடி தைக்கச் சொன்னோம். சேதி கேள்விப்பட்டு வேறு ஷெட்டு டிரைவர்களும் வண்டியோடு வந்து வரிசையில் நின்றார்கள். சிலர் கேலி செய்துகொண்டே நின்றார்கள். நின்றார்கள் என்பதுதான் முக்கியம். அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் ஒரு டிரைவருக்கும் மழையில் கால் வராமல் போனதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். நெற்றி வலித்து, கால் கனத்தால் அதைத் தூக்கம் என்று எண்ணி வெற்றிலை போட்டுச் சமாளிக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் காற்றில் நில்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டு ஓட்டு என்பவர் யாராக இருந்தாலும் அவர் கால் பிரேக் மேல் இல்லை. அப்படி நிறுத்தியதற்காக உங்களை யாராவது கேள்வி கேட்டால், அவர்களை ஷெட்டுக்கு அனுப்புங்கள். பதில் நான் சொல்கிறேன். எங்கள் முதலாளியும் சொல்வார்.

தகரம், கல்நார்க் கயிறு, ஆணி, ராவுத்தர் கூலி, அன்று ஷெட்டில் எல்லோரும் குடித்த டீ உட்பட, எங்கள் நாலு வண்டிக்கும் சேர்த்து ஆன செலவு ஏழு ரூபாய் மூன்றணா.